பருப்பு வேகாத தண்ணீர்: வேளச்சேரியில் அபார்ட்மெண்டுக்கு சாஃப்ட்னர் வாங்கலாமா?

கோவைக்காரி (ஞாயிறு, காலை 10.40)

எல்லோருக்கும் வணக்கம். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு வேளச்சேரி வந்து ஆறு வருடம் ஆகிறது. தண்ணீரைப் பற்றிப் புலம்பக் கூடாது என்று இத்தனை நாள் இருந்தேன். போன வாரம் கீஸர் போய்விட்டது, வாங்கிப் பதினான்கு மாதம்தான். மெக்கானிக் காயிலைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார். சுண்ணாம்பில் முக்கிக் காயவைத்த முறுக்கு மாதிரி இருந்தது. தட்டினால் ஓடு ஓடாக விழுகிறது. டேங்கின் அடியிலிருந்து ஒரு சோப்பு டப்பா நிறைய வெள்ளைத் தூள் எடுத்தார். "உங்க ஏரியாவுல எல்லா வீட்டுலயும் இதே கதைதான் மேடம்" என்றார்.

துவரம் பருப்பு கோவையில் மூன்று விசிலில் குழைந்துவிடும். இங்கே ஏழு விசில் வைத்தாலும் முழித்துக்கொண்டு நிற்கிறது. என் மாமியார் ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போடுவார். எனக்கு அந்த வாசனை பிடிக்காது. ஷவரில் பாதி ஓட்டைக்கு மேல் அடைத்துவிட்டது. மிச்சம் இருப்பதில் தண்ணீர் பக்கத்துச் சுவரில்தான் அடிக்கிறது.

எங்கள் அபார்ட்மெண்டில் 24 வீடு. அசோசியேஷன் மீட்டிங்குக்கு ஒரு சாஃப்ட்னர் (கடினத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி) கம்பெனிக்காரர் வந்தார். மீட்டரை முக்கி 1,100 என்று காட்டினார். அப்புறம் இரண்டு டம்ளர் வைத்தார், ஒன்றில் எங்கள் தண்ணீர், ஒன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் கம்பியை விட்டு கரண்ட் கொடுத்தார். எங்களுடையது இரண்டே நிமிடத்தில் சாக்கடை மாதிரி பழுப்பாகிவிட்டது, அவருடையது அப்படியே இருந்தது. இரண்டாம் மாடி மாமா "இதையா இத்தனை நாள் குடிச்சோம்" என்று எழுந்தே விட்டார். அன்றே முன்பணம் கொடுக்கலாம் என்கிறார்கள். நான்தான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டைக்குழாய் (ஞாயிறு, 11.05)

ஏழு விசிலா? எங்கள் வீட்டில் குக்கரே ரிட்டயர் ஆகிவிட்டது.

ஒரு கேள்வி. உங்களுடையது போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரா, மெட்ரோ (குடிநீர் வாரியக் குழாய்) தண்ணீரா, லாரியா?

கோவைக்காரி (ஞாயிறு, 11.20)

மூன்றும்தான். எல்லாம் ஒரே சம்ப்பில் விழுந்து கலந்து, ஒரே மோட்டாரில் மேலே போகிறது. மெட்ரோ தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். பற்றாததற்கு போர். கோடையில் லாரி.

வேதியியல் வாத்தியார் (ஞாயிறு, மதியம் 1.15)

அம்மா, முதலில் அந்த டம்ளர் வித்தையை மறந்துவிடுங்கள். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் கரண்ட் பாயும். கரண்ட் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக வெளியே வரும். நீங்கள் பார்த்த பழுப்பு முழுக்க அவர் கம்பியிலிருந்து வந்த அழுக்கு, உங்கள் தண்ணீரில் இருந்தது அல்ல. அவர் கொண்டுவந்தது ஆர்ஓ தண்ணீராக இருக்கும். அதில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. அந்தத் தண்ணீரில் அரை ஸ்பூன் சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

அடுத்தது மீட்டர். அது காட்டுவது டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பு அத்தனைக்குமான ஒரு தோராயம். கடினத்தன்மை என்பது அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்ற கணக்கு மட்டும். டிடிஎஸ் 1,100 இருக்கும் இரண்டு தண்ணீரில் ஒன்றில் கடினத்தன்மை 200 இருக்கலாம், இன்னொன்றில் 600 இருக்கலாம். முதலாவது வாயில் உப்புக் கரிக்கும், ஆனால் கீஸரில் அவ்வளவாகப் படியாது. இரண்டாவதுதான் உங்கள் காயிலை முறுக்காக்கியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாஃப்ட்னர் போட்ட பிறகும் அதே மீட்டரை முக்கினால் கிட்டத்தட்ட அதே 1,100தான் காட்டும். சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, மாற்றிவைக்கிறது. கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். எந்த மீட்டரைக் காட்டி விற்கிறாரோ, அந்த மீட்டரில் தன் சாமானின் பலனை அவரால் காட்ட முடியாது.

காயிலில் படிவது எப்படி என்றும் கேட்பீர்கள். நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். சூடாக்கினால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறி, கால்சியம் கார்பனேட் படியும். சாக்பீஸ், சிப்பி, சுண்ணாம்புக்கல் எல்லாம் அந்தச் சாதிதான். இதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்று பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். கொதிக்கவைத்தால் இது குறையும். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருக்கும் கால்சியம் கொதிக்கவைத்தாலும் போகாது, அது நிரந்தரக் கடினத்தன்மை. கடல் பக்கத்துப் போர்களில் இரண்டும் கலந்திருக்கும்.

பருப்புக்கும் காரணம் அதே கால்சியம்தான். பருப்பின் தோலிலும் செல் சுவரிலும் இருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. உங்கள் மாமியாரின் ஆப்பச் சோடா அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. விஞ்ஞானப்படி அவர் செய்வது சரி. நல்ல தண்ணீரை அந்தக் காலத்தில் "பருப்பு வேகும் தண்ணீர்" என்றே சொன்னார்கள். மீட்டர் இல்லாமல் எடுத்த அளவு அது.

ஓட்டைக்குழாய் (ஞாயிறு, 1.30)

வாத்தியார் ஐயா, இதை அப்போதே சொல்லியிருந்தால் நான் பத்தாவதில் பாஸ் ஆகியிருப்பேன்.

பைப்பு வேலை (ஞாயிறு, மாலை 6.50)

இருபத்திரண்டு வருடமாக வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் பிளம்பிங் வேலை செய்கிறேன். சாஃப்ட்னரைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் காசு இல்லாமல் செய்யக் கூடியது.

கீஸரின் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். நான் போகும் வீடுகளில் முக்கால்வாசி கடைசி வரை திருப்பியே இருக்கும். எழுபது, எழுபத்தைந்து டிகிரிக்குக் கொதிக்கவைத்து, அப்புறம் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பார்கள். சூடு ஏற ஏற உப்பு வேகமாகப் படியும். ஐம்பத்தைந்தில் வையுங்கள், போதும். காயில் மேல் உப்பு ஏறினால் அது போர்வை மாதிரி. சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலுக்குள்ளேயே நிற்கும், கடைசியில் வெடிக்கும். வெடிப்பதற்கு முன்னால் கீஸரிலிருந்து பொரி பொரிகிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தாலே ஆளைக் கூப்பிட்டுக் காயிலைக் கழற்றிச் சுரண்டிவிடுங்கள். கூடவே உள்ளே ஆனோடு ராடு என்று ஒன்று இருக்கும், டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தானே கரைந்துபோவது அது. அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நிறைய பேர் பார்ப்பதே இல்லை.

இன்னொன்று. டைல்ஸில் வெள்ளைத் திட்டு வந்தால் உடனே ஆசிட் ஊற்றுகிறார்கள். நுரைத்துப் பொங்கும்போது சுத்தமாகிற மாதிரிதான் இருக்கும். திட்டோடு சேர்ந்து டைல்ஸ் நடுவில் இருக்கும் சிமெண்டும் போகும், குழாயின் பளபளப்பும் போகும். அப்புறம் சந்து வழியாகக் கீழ் வீட்டு சீலிங்கில் ஒழுகும். என்னைத்தான் கூப்பிடுவீர்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். என்னோடு வேலை செய்த பையன் ஒருவன் பாத்ரூமிலிருந்து இருமிக்கொண்டே ஓடிவந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நங்கநல்லூர் ரசிகன் (ஞாயிறு, இரவு 9.10)

எதற்கு இவ்வளவு செலவு? சம்ப்பில் படிகாரம் போடுங்கள். எங்கள் தாத்தா தேற்றாங்கொட்டை தேய்ப்பார், தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இல்லாவிட்டால் குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தம் இருக்கிறதே, என் தம்பி வீட்டில் மாட்டியிருக்கிறான். கரண்ட் வேண்டாம், உப்பு வேண்டாம், சூப்பர் என்கிறான்.

வேதியியல் வாத்தியார் (திங்கள், காலை 6.30)

படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும். மிதக்கும் மண் அடியில் போய்விடும். கரைந்திருக்கும் கால்சியத்தை அவை தொடுவதில்லை. உங்கள் தாத்தாவுக்கு இருந்தது ஆற்றுத் தண்ணீர், பிரச்சினை கலங்கல். போர் தண்ணீர் ஏற்கெனவே கண்ணாடி மாதிரிதான் வரும், பிரச்சினை அதற்குள் கரைந்து கிடக்கிறது.

காந்தத்துக்கு முன்னால் ஒரு டம்ளர், பின்னால் ஒரு டம்ளர் பிடித்துக் கடினத்தன்மையை அளக்கச் சொல்லுங்கள். ஒரே எண்தான் வரும். படிவது கொஞ்சம் குறையும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். தம்பியின் கீஸரைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

நங்கநல்லூர் ரசிகன் (திங்கள், 7.45)

கேட்டேன். கீஸர் போன தீபாவளிக்கு மாற்றினானாம். அதைச் சொல்லவே இல்லை பாவி.

வெள்ளைச்சேலை (திங்கள், மதியம் 2.30)

முடி கொட்டுவது பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லையே என்று காத்திருந்தேன். நான் செவிலியர். தோல் பிரிவில் வேலை பார்த்தபோது வாரத்துக்குப் பத்துப் பேராவது "சென்னைத் தண்ணீரால் முடி கொட்டுகிறது" என்று வருவார்கள். தண்ணீரை மாற்றியதும் முடி நின்றது என்று நான் பார்த்ததில்லை. ரத்தம் குறைவு, தைராய்டு, பிரசவத்துக்குப் பிந்தைய முடியுதிர்வு என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். தண்ணீரைக் குறைசொல்லிக்கொண்டு ஒரு வருடம் கடத்திவிட்டு வருவார்கள்.

கடினத் தண்ணீரில் முடி சொரசொரப்பாவது உண்மை. சோப்பும் கால்சியமும் சேர்ந்து கரையாத ஒரு பிசுக்காக மாறும். பக்கெட்டின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்குமே, அதே பிசுக்கு முடியிலும் ஒட்டும். ஷாம்பூவில் இந்தத் தொல்லை குறைவு. சீயக்காயிலும் குறைவு.

குழந்தைகளின் கரப்பானுக்கு (எக்ஸிமா என்ற தோல் நோய்) சாஃப்ட்னர் நல்லது என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்துச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். வீட்டில் சாஃப்ட்னர் மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் தோலில் வித்தியாசம் தெரியவில்லை. தோலுக்காக அவ்வளவு பணம் போடாதீர்கள்.

சிறுநீரகக் கல்லுக்கும் தண்ணீரைத்தான் திட்டுகிறோம். வெயில் ஊரில் தண்ணீர் போதாமல் குடிப்பதுதான் பெரிய காரணம். எந்தத் தண்ணீரானாலும் நிறையக் குடியுங்கள்.

செயலர் பாவம் (திங்கள், இரவு 10.15)

எங்கள் அபார்ட்மெண்டில் 20 வீடு, ஓஎம்ஆர். மூன்று வருடம் முன்னால் பெரிய சாஃப்ட்னர் வாங்கினோம். வாங்கும்போது யாரும் சொல்லாத கணக்கை நான் சொல்கிறேன்.

ஒருநாள் செலவு 10,000 லிட்டர். போரில் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம். பெருக்கினால் 5 கிலோ. தினம் 5 கிலோ சுண்ணாம்பை அந்த டேங்க் பிடித்துவைக்க வேண்டும். உள்ளே சுண்ணாம்பைப் பிடிக்கும் ரெசின் மணிகள் நிரம்பிவிட்டால் உப்புக் கரைசல் விட்டு அலச வேண்டும். எங்களுக்கு ஒரு அலசலுக்குச் சுமார் 12 கிலோ உப்பு, தினம் ஒரு அலசல். மாதம் 360 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை ஏழுக்கு மேல். வாட்ச்மேன் அண்ணனுக்கு இடுப்பு வலி. அவர் லீவு போட்டால் அலசல் இல்லை, அலசல் இல்லாவிட்டால் போட்ட சாஃப்ட்னர் வெறும் டேங்க். முதல் வருடம் இதுதான் நடந்தது. "சாஃப்ட்னர் வேலை செய்யல" என்று எல்லோரும் என்னைத் திட்டினார்கள். உப்பு வாங்கப் பணம் தராதவர்கள்தான் அதிகம் திட்டினார்கள்.

அலசிய உப்புத் தண்ணீர் எங்கே போகும் என்பதும் கேள்வி. எங்களுடையது எஸ்டிபிக்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) போய், அங்கே இருக்கும் நுண்ணுயிர்களைச் சாகடித்து, ஒரு மாதம் நாற்றம். அப்புறம் தனி வழி போட்டோம்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. கீஸர்கள் பிழைத்தன, வாஷிங் மெஷின் பிழைத்தது. ஆனால் டாய்லெட் ஃப்ளஷுக்கும் கார் கழுவவும் சாஃப்ட்னர் தண்ணீர் எதற்கு என்று முதல் நாளே யோசித்திருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

மாடித்தோட்டம் (செவ்வாய், காலை 5.50)

சேர்த்துக்கொள்ளுங்கள்: செடிகளுக்கு அந்தத் தண்ணீரை ஊற்றாதீர்கள். எங்கள் கட்டடத்தில் சாஃப்ட்னர் வந்த இரண்டாவது மாதம் கறிவேப்பிலை இலை ஓரம் கருகியது. மண் இறுகிப் பலகை மாதிரி ஆனது, தண்ணீர் மேலேயே நின்றது. வாத்தியார் சொன்ன சோடியம்தான்.

வேதியியல் வாத்தியார் (செவ்வாய், 6.20)

சரியான கவனிப்பு. கடினத்தன்மையில் 100 மில்லிகிராம் எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் ஏறும். 500 எடுத்தால் 230. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைக் குடிக்கவும் வேண்டாம். சமையலறைக்குக் குடிநீர்க் குழாய் தனியாக இருக்கட்டும்.

ஓட்டைக்குழாய் (செவ்வாய், 8.00)

இதெல்லாம் எதற்கு, எல்லா வீட்டிலும் ஆர்ஓ இருக்கிறதே?

பைப்பு வேலை (செவ்வாய், 8.40)

அண்ணா, ஆர்ஓ குடிக்க மட்டும். கடினத் தண்ணீரில் அதன் மெம்பரேனும் அடைத்துப் போகும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே தள்ளும். அதை வீணாக்காமல் வீடு துடைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வந்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. தரை காய்ந்ததும் கோலம் போட்ட மாதிரி வெள்ளை. டிடிஎஸ் 500க்குக் கீழே இருக்கும் இடத்தில் ஆர்ஓ வேண்டாம் என்று 2019இல் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. மெட்ரோ தண்ணீர் மட்டும் வரும் வீட்டிலும் ஆர்ஓ மாட்டச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் மீட்டரைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

பழைய மெட்ராஸ் (செவ்வாய், மதியம் 12.10)

எனக்கு எழுபத்தொரு வயது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல். பத்தடி தோண்டினால் நல்ல தண்ணீர். எங்கள் கிணற்றில் வாளி விட்டால் கயிறு பாதி மிச்சமிருக்கும். வேளச்சேரி அப்படி இல்லை, ஏரியும் சதுப்பும் களிமண்ணும். அங்கே இருநூறு அடி, முந்நூறு அடி போர் போட்டுப் பாறை இடுக்கில் இருக்கும் பழைய தண்ணீரை உறிஞ்சுகிறோம். பாறையோடு எத்தனை காலம் கிடந்ததோ, அத்தனை உப்பு. வடக்கே மீஞ்சூர் பக்கம் ஊருக்காக உறிஞ்சி உறிஞ்சிக் கடலே உள்ளே வந்துவிட்டது.

2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். எங்கள் தெருவில் இரண்டு மழைக்காலம் போனதும் கிணற்றுத் தண்ணீரின் ருசியே மாறியது. அந்தக் குழிகளைத் தூர்வாராமல் விட்டுவிட்டோம். உங்கள் கட்டடத்திலும் குழி இருக்கும். மூடியைத் திறந்து பாருங்கள், குப்பையும் சிமெண்ட் மூட்டையும் கிடக்கும்.

இன்னொன்று: தென்சென்னைக்கு நெம்மேலியிலிருந்து கடல் தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். முதல் ஆலை 2013இல், நாளுக்கு 10 கோடி லிட்டர். பக்கத்திலேயே இன்னொன்று 2024இல், 15 கோடி. கடலிலிருந்து வருவதால் கரிக்கும் என்று என் மனைவிகூட நினைத்தாள். அந்தத் தண்ணீரில் கடினத்தன்மை இல்லாமல் போய்விடும் என்பதால், குழாயை அரிக்காமல் இருக்கச் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அந்த நல்ல தண்ணீரை வாங்கி, சம்ப்பில் போரோடு கலந்து கெடுத்துவிட்டு, அப்புறம் சாஃப்ட்னர் தேடுகிறீர்கள் பாருங்கள்!

கோவைக்காரி (பதினொரு நாள் கழித்து, சனி இரவு 8.30)

எல்லோருக்கும் நன்றி. பழைய மெட்ராஸ் ஐயா சொன்னது தலையில் குட்டிய மாதிரி இருந்தது. அன்றே கடினத்தன்மை பார்க்கும் சொட்டுப் பெட்டி ஒன்று வாங்கினேன். தண்ணீரில் பொடியைப் போட்டால் ஒயின் சிவப்பாகிறது. அப்புறம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நீலமாக மாறும்வரை. என் பெட்டியில் ஒரு சொட்டுக்கு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் கணக்கு. பையன் எண்ணினான். சமையலறைக் குழாய் 47 சொட்டு. போரைத் தனியாகப் பிடித்தோம், ஐம்பது தாண்டியும் சிவப்பாகவே இருந்தது, அறுபத்தெட்டில் ஊதா, 74இல் நீலம். லாரி 39. மெட்ரோ வெறும் 13, பையன் "அதுக்குள்ளயா" என்றான். நம்பிக்கை வராமல் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்திலும் கட்டணம் கட்டிக் கொடுத்தேன். கிட்டத்தட்ட அதே எண்கள். போரின் டிடிஎஸ் 1,480, மெட்ரோ 340.

குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை 200க்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம். எங்கள் போர் அதையும் தாண்டியது.

மீட்டிங்கில் இதை வைத்தேன். டம்ளர் வித்தையை நானே செய்து காட்டினேன், ஆர்ஓ தண்ணீரில் உப்புப் போட்டு. பழுப்பானதும் இரண்டாம் மாடி மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. சம்ப்பை நடுவில் தடுத்து, மெட்ரோவும் லாரியும் ஒரு பக்கம், போர் ஒரு பக்கம். எங்கள் கட்டடத்தில் ஃப்ளஷுக்குத் தனிக் குழாய் ஏற்கெனவே இருந்தது. கட்டியவர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், நாங்கள்தான் இரண்டையும் ஒரே டேங்கில் இணைத்து வைத்திருந்தோம். மொட்டைமாடியில் சின்ன டேங்க் ஒன்று கூடுதலாக வைத்தோம். மொத்தச் செலவு சாஃப்ட்னர்காரர் கேட்டதில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே. மழைநீர்க் குழியையும் திறந்தோம். சிமெண்ட் மூட்டை இல்லை, கிரிக்கெட் பந்து பதினொன்று கிடைத்தது.

மெட்ரோ வராத நாள் லாரி தண்ணீர்தான் குளிக்க. அது 390, கோடையில் எப்படிப் போகும் பார்க்க வேண்டும். இரண்டாம் மாடி மாமா தன் வீட்டுக்கு மட்டும் சின்ன சாஃப்ட்னர் போடப் போகிறாராம். போடட்டும்.

பைப்பு வேலை அண்ணா, ஒரு சந்தேகம். ஷவரையும் கெட்டிலையும் ஆசிட் இல்லாமல் எப்படிச் சுத்தம் செய்வது?

பைப்பு வேலை (ஞாயிறு, காலை 7.10)

மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் கேளுங்கள். சிலர் எலுமிச்சை உப்பு என்பார்கள். கெட்டிலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன், கொதித்ததும் அணைத்துவிட்டு அரை மணி விடுங்கள், அப்புறம் இரண்டு தடவை அலசுங்கள். ஷவரைக் கழற்றி ராத்திரி வினிகரில் போடுங்கள். கழற்ற வராவிட்டால் வினிகரை பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, ஷவர் தலையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். காலையில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் ஓட்டை திறந்துகொள்ளும்.

திறக்கவில்லை என்றால் ரப்பர் வாஷரும் போயிருக்கும். ஃபோட்டோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.